லேப்டாப்புக்கு சலாம், உளிக்கு டூட்டியா?

வெளிநாட்டு விமானத்திலிருந்து இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் தோளில் லேப்டாப் பை. இன்னொருவர் தள்ளுவண்டியில் ஓர் இரும்புப் பெட்டி. முதல் ஆள் கம்ப்யூட்டர் என்ஜினீயர். அடுத்தவர் பிட்டர். இரண்டு பேருமே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். இருவர் கையிலும் இருப்பது சோறு போடுகிற கருவி.

முதல் ஆளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. 2004-ம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப் கொண்டுவந்தால் சுங்கத்தீர்வை கிடையாது. அதன் விலை ஐம்பதாயிரமா, இரண்டு லட்சமா என்று கேட்க வேண்டியதில்லை. மற்ற சாமான்களுக்கு உள்ள தொகைக் கணக்கிலும் அதைச் சேர்ப்பது இல்லை. நல்ல உத்தரவு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தவரின் இரும்புப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? ஸ்பானர் செட், டார்க் ரெஞ்சு, ஆங்கிள் கிரைண்டர், துளை போடும் மிஷின், வெர்னியர், ஒரு ரசமட்டம். "இது என்ன விலை, அது என்ன விலை?" என்று கணக்கு தொடங்கிவிடும். மனைவிக்கு வாங்கிய சென்ட் பாட்டில், பிள்ளைக்கு வாங்கிய பொம்மை, அம்மாவுக்கு வாங்கிய கம்பளி, கோடாலித் தைலம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி!

கம்ப்யூட்டர்காரருக்குக் காட்டுகிற தாராளத்தை பிட்டருக்குக் காட்ட அரசுக்கு என்ன கஷ்டம்? இதுதான் நம் கேள்வி.

முன்பு இருந்த வார்த்தை

இந்தச் சலுகை புதிதாகக் கேட்கிற ஒன்று அல்ல. ஒரு காலத்தில் சட்டப்புத்தகத்திலேயே இருந்ததுதான்.

1998-ல் வந்த பேக்கேஜ் விதிகளை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் தொழில் செய்துவிட்டு வருகிறவரின் தொழில் கருவிகளுக்கு அதில் தனிக் கணக்கு கொடுத்திருந்தார்கள். சாதாரணப் பயணிக்கு உள்ள சலுகை வேறு. இது அதற்கு மேலே. தொழில் கருவி என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் எழுதினார்கள். தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் இவர்களைப் போன்றவர்களுக்குத் தொழிலில் தேவைப்படுகிற, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாதனங்கள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள்!

டெல்லியில் உட்கார்ந்து விதி எழுதிய யாரோ ஒரு புண்ணியவானுக்குக் கொத்தனாரின் ஞாபகம் வந்திருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் கொத்தனாருக்கு இப்படி மரியாதை கிடைப்பது லேசில் நடக்காது.

அதே விளக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. காமிரா, கேசட் ரெக்கார்டர், டைப்ரைட்டர், பெர்சனல் கம்ப்யூட்டர் போன்றவை தொழில் கருவி ஆகாது என்று தள்ளிவைத்தார்கள். அதாவது அன்றைக்கு உளி உள்ளே, கம்ப்யூட்டர் வெளியே.

2016 ஏப்ரலில் புது விதிகள் அமலுக்கு வந்தன. சாதாரணப் பயணிக்கான தொகையை 50 ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். ஆனால் தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார் நாலு பேரின் பெயரும் போயே போய்விட்டது! 'தொழில் கருவி' என்ற தனிக் கணக்கும் போனது. வெளிநாட்டில் தொழில் பார்ப்பவர் 3 மாதம் இருந்தால் 60 ஆயிரம், 6 மாதம் இருந்தால் ஒரு லட்சம், ஒரு வருடம் இருந்தால் 2 லட்சம், 2 வருடம் இருந்தால் 5 லட்சம் என்று வேறு ஒரு படிக்கட்டு கட்டினார்கள். எதற்கு? 'சொந்த உபயோகப் பொருள், வீட்டுப் பொருள்' என்ற தலைப்பில். கருவி என்ற சொல் அதில் இல்லை.

வீட்டுப் பொருள் என்று போட்ட பட்டியல் இருக்கிறதே, அது தமாஷ். வாஷிங் மிஷின், ஏ.சி., மைக்ரோவேவ் அடுப்பு, போட்டோகாப்பி மிஷின் எல்லாம் உண்டு. பாக்ஸ் மிஷின்கூட உண்டு! 2016-ல் எந்த வீட்டில் பாக்ஸ் மிஷின் ஓடியதோ தெரியவில்லை. பாக்ஸ் மிஷினுக்குப் பட்டியலில் நாற்காலி போட்டவர்கள், டிரில்லிங் மிஷினை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாத வேலை

"ரெண்டு வருஷம் இருந்தா 2016 விதியில 5 லட்சம் வரைக்கும் விட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள்.

கேள்வி நியாயம். பதில் ஷட்டவுன் வேலையில் இருக்கிறது.

வளைகுடா நாடுகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்கள். நிறுத்திய நாட்களுக்குள் பைப்பைக் கழற்றி, வால்வைச் சோதித்து, வெல்டிங் அடித்து, திரும்ப ஓட்டியாக வேண்டும். அதற்காக ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குறுகிய ஒப்பந்தத்தில் கூட்டிப்போவார்கள். 45 நாள், 60 நாள் வேலை. முடிந்ததும் டிக்கெட் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டு பிட்டர்களுக்கும் வெல்டர்களுக்கும் இது பழகிப்போன பிழைப்பு. வருஷத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை போய்வருகிறவர்களும் உண்டு.

இவர்களுக்கு 3 மாதப் படிக்கட்டே எட்டாது. சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கு உள்ள கணக்குதான் இவர்களுக்கும். துபாய்க்குப் போய் நாலு நாள் ஒட்டகச் சவாரி செய்துவிட்டு வருகிறவரும், கொதிக்கிற வெயிலில் பாய்லருக்குள் இறங்கி வெல்டிங் அடித்துவிட்டு வருகிறவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்று!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024-ல் அப்படி ஒருவர் இரண்டு மாத வேலை முடித்துத் திரும்பினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள கருவிகளுக்கு அதிகாரி 60 ஆயிரம் மதிப்புப் போடுகிறார். மற்ற சாமான்கள் 20 ஆயிரம். மொத்தம் 80 ஆயிரம். அன்றைய வரம்பு 50 ஆயிரம். மிச்சம் 30 ஆயிரத்துக்குத் தீர்வை. 35 சதவீதம் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், ஆக 38.5 சதவீதம். 11 ஆயிரத்து 550 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். இரண்டு மாதச் சம்பாத்தியத்தில் இது எத்தனை நாள் கூலி என்று அந்த வீட்டு அம்மாவைக் கேட்டால் விரல் மடக்காமலே சொல்வார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கருவிகளில் பாதி நம்ம மண்ணடியில் வாங்கியதாக இருக்கும்!

ஆமாம். நல்ல தொழிலாளி தன் கைக்குப் பழகிய கருவியை இங்கிருந்தே கொண்டுபோவார். கம்பெனி கொடுக்கிற கருவி கைக்கு ஒட்டாது. தச்சர் வீட்டில் உளியைப் பிள்ளைகள் தொட்டால் அடி விழும், பார்த்திருப்பீர்கள். இங்கே வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே கொண்டுபோய் உழைத்து, திரும்பக் கொண்டுவரும்போது அது 'இறக்குமதிச் சரக்கு' ஆகிவிடுகிறது. இங்கிருந்துதான் போனது என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். செம்புதாஸ் தெருக் கடைக்காரர் எப்போதோ கொடுத்த பில் மழையில் நனைந்து கரைந்துபோயிருக்கும்.

அத்தாட்சிக்கு வழி இல்லாமல் இல்லை. புறப்படும்போதே விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் சாமானைக் காட்டி, ஏற்றுமதிச் சான்று ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அதைக் காட்டினால் வரி கிடையாது. இந்த ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. நகைக்காகவும் காமிராவுக்காகவும் விவரம் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் வெல்டருக்கு யார் சொன்னார்கள்? ஏஜெண்ட் சொல்வதில்லை. கம்பெனிக்காரன் சொல்வதில்லை. விமான நிலையத்தில் அந்த மேஜை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும். கருவிப் பெட்டியைக் கையோடு கேபினுக்குள் எடுத்துப்போக முடியாது. லக்கேஜில்தான் போட வேண்டும். லக்கேஜில் போட்ட பிறகு அதிகாரியிடம் போனால் எதைக் காட்டுவது? வெறும் கையையா?

ரேசருக்கு ஒரு நீதி

2016 விதிகளில் 'சொந்த உபயோகப் பொருள்' என்பதற்கு ஓர் அர்த்தம் சொல்லியிருந்தார்கள். அன்றாடத் தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்ளத் தேவையான பொருட்கள், நகை நீங்கலாக. பயன்படுத்திய பொருளாக இருந்தால் வரம்பே கிடையாது. சட்டை, வேட்டி, செருப்பு, சீப்பு, ஷேவிங் ரேசர் எல்லாம் இதில் அடங்கும்.

நம் சந்தேகம் இதுதான். ரேசர் இல்லாவிட்டால் ஒரு மனிதர் நாலு நாள் தாடியோடு இருப்பார். அவ்வளவுதான். ரெஞ்சு இல்லாவிட்டால் பிட்டர் வீட்டில் அடுப்பு எரியாது. இதில் எது அன்றாடத் தேவை?

இந்த ஊரில் ஆயுத பூஜை அன்று கருவிக்குப் பொட்டு வைக்காத பட்டறை உண்டா? ஆட்டோ ஸ்டாண்டில் உண்டு, அச்சாபீசில் உண்டு, காய்கறிக் கடைத் தராசுக்கும் உண்டு. அரசாங்க ஆபீசிலே பேனாவுக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் சந்தனம் தடவிப் பொரி கொடுக்கிறார்கள். கருவி என்பது விற்கிற சாமான் அல்ல என்று எல்லோருக்கும் தெரிகிறது. மதிப்புப் போடுகிற மேஜையில் மட்டும் அது மறந்துபோகிறது.

ஐரோப்பிய நாடுகள் 1983-லேயே இதைத் தீர்த்துவிட்டன. குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருகிறவர் தன் தொழிலுக்குத் தேவையான, தூக்கிச் செல்லக்கூடிய கருவிகளைக் கொண்டுவந்தால் அதுவும் அவருடைய சொந்தப் பொருள்தான் என்று விதியிலேயே எழுதிவைத்தார்கள். 2009-ல் விதியைப் புதுப்பித்தபோதும் அந்த வரியை எடுக்கவில்லை. நாம் எழுதினோம், பிறகு அழித்தோம்!

பெரிய ஆட்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 1961-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலக நாடுகள் கூடி, தொழில் சாதனங்களைத் தற்காலிகமாக வரி இல்லாமல் கொண்டுபோக ஓர் ஒப்பந்தம் போட்டன. சாமானுக்கே ஒரு பாஸ்போர்ட் மாதிரி 'கார்னே' என்று ஒரு சீட்டுப் புத்தகம் உண்டு. சினிமாக் கம்பெனிகள், இசைக் குழுக்கள், பெரிய என்ஜினீயரிங் கம்பெனிகள் அதை வைத்துக்கொண்டு நாடு நாடாகப் போய்வருவார்கள். நம் நாட்டில் அதைக் கொடுப்பது டெல்லியில் உள்ள பிக்கி என்ற தொழில் வர்த்தக சபை. அதற்குப் பட்டியல், கட்டணம், ஜாமீன் எல்லாம் உண்டு. கொத்தனார் தன் கரணைக்கும் தூக்குக்குண்டுக்கும் எந்த பாங்கில் போய் கியாரண்டி கேட்பார்?

அதிகாரி பக்கமும் நியாயம் உண்டு

சுங்க இலாகாக்காரர்களை வில்லனாக்கி எழுதுவது சுலபம். கைதட்டலும் கிடைக்கும். அப்படி எழுத நாம் தயாரில்லை.

'குருவி'களைப் பற்றி நகரவாசிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. யாரோ கொடுக்கிற சாமானைச் சுமந்துவந்து கூலி வாங்கிப்போகிற கூட்டம். டிரில்லிங் மிஷின் மோட்டாருக்குள்ளும், மிக்சிக்குள்ளும், ஸ்பீக்கருக்குள்ளும் தங்கத்தை உருக்கி ஒளித்துவைத்துப் பிடிபட்ட செய்தி இந்தப் பக்கங்களிலேயே எத்தனை முறை வந்திருக்கிறது! அதிகாரி இரும்புப் பெட்டியைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்குவது அதனால்தான். அவர் வேலை அது.

ஆனால் தங்கத்தைப் பிடிக்க எக்ஸ்ரே மிஷின் இருக்கிறது. மிஷினுக்குள் தங்கம் இருந்தால் தங்கத்தைப் பிடியுங்கள், ஆளையும் பிடியுங்கள். உள்ளே தங்கம் இல்லை, வெறும் செப்புக் கம்பிதான் என்று தெரிந்த பிறகும் மிஷினுக்கு டூட்டி கேட்பது என்ன நியாயம்? சந்தேகம் வேறு, வரி வேறு.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு. "நாங்க ஜி.எஸ்.டி. கட்டி விக்கிறோம். வெளியூர்லேர்ந்து ஆளுக்கு ஒரு மிஷின் சும்மா வந்தா எங்க வியாபாரம் என்னாகிறது?" மண்ணடிக் கடைக்காரர் இப்படிக் கேட்டால் அதில் தப்பு இல்லை. சீல் பிரிக்காத பெட்டியில் ஒரே மாதிரி பத்து கிரைண்டர் கொண்டுவந்தால் அது வியாபாரம். தாராளமாக வரி போடுங்கள், அபராதமும் போடுங்கள். நாம் கேட்பது எண்ணெய்க் கறை படிந்த, பிடி தேய்ந்த, ஒரே ஒரு செட் கருவிக்கு. அனுபவமுள்ள அதிகாரிக்குப் பழைய கருவி எது, விற்பனைச் சரக்கு எது என்று பார்த்த பார்வையில் தெரிந்துவிடும். கையைத் திருப்பிக் காட்டச் சொன்னால் போதும். காய்த்துப்போன கைக்கு வேறு சர்டிபிகேட் எதற்கு?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான நாட்களில் பெரும்பாலான தொழிலாளிகள் பச்சை வழியில் நடந்து வெளியே வந்துவிடுகிறார்கள். யாரும் நிறுத்துவதில்லை. "எங்களை ஒண்ணும் கேக்கலையே" என்று பலர் சொல்வார்கள். சிக்கலே அதில்தான். ஓர் அதிகாரி விடுகிறார், அடுத்த அதிகாரி நிறுத்துகிறார். போன தடவை விட்டார்கள் என்று நம்பி இந்தத் தடவை வந்தவர் மாட்டிக்கொள்கிறார். விதியில் எழுத்து இருந்தால் அதிகாரிக்கும் தைரியம், பயணிக்கும் தைரியம். எழுத்து இல்லாத இடத்தில் அவரவர் முகராசிதான்.

நகைக்குக் கிடைத்த நியாயம்

தொகைக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் கேலிக்கூத்தாகும் என்பதற்குத் தங்க நகையே சாட்சி. 2016 விதிகளில், ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வரும் ஆணுக்கு 20 கிராம் நகை, பெண்ணுக்கு 40 கிராம் என்று வைத்தார்கள். கூடவே ஆணுக்கு 50 ஆயிரம், பெண்ணுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று விலையிலும் முட்டுக்கட்டை போட்டார்கள். தங்கம் ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாளில் 50 ஆயிரத்துக்கு ஒரு பவுன்கூட வராத நிலை. சட்டம் 20 கிராம் என்றது. விலை அரைப் பவுன், முக்கால் பவுன் என்றது. 2025-ல் சென்னை உயர்நீதிமன்றம், இலங்கையிலிருந்து வந்த புது மணப்பெண்ணின் தாலிக்கொடியைப் பறிமுதல் செய்தது தவறு, திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவிடும் அளவுக்குப் போனது விவகாரம். கழுத்தில் போட்டுக்கொண்டு வருகிற நகை பேக்கேஜ் கணக்கில் சேராது என்று கோர்ட்டு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

2026 பிப்ரவரியில் பட்ஜெட்டோடு பேக்கேஜ் விதிகளை மாற்றினார்கள். நகைக்கு விலைக் கணக்கு எடுபட்டது, கிராம் கணக்கு மட்டும் நின்றது. சாதாரணச் சலுகைத் தொகையும் 50 ஆயிரத்திலிருந்து 75 ஆயிரம் ஆயிற்று. இரண்டுமே வரவேற்க வேண்டிய காரியங்கள்.

நாமும் அதே வழியைத்தான் கேட்கிறோம். நகையை ரூபாயில் அளப்பது சரிப்படாது என்று புரிந்துகொண்ட அரசு, கருவியையும் ரூபாயில் அளக்காமல் இருக்கலாம். ஆளுக்கு ஒரு லேப்டாப் என்று எண்ணிக்கையில் சொன்ன மாதிரி, ஆளுக்கு ஒரு செட் தொழில் கருவி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. 75 ஆயிரம் இன்று பெரிய தொகையாகத் தெரியலாம். நல்ல ஜெர்மன் டிரில்லிங் மிஷினும் ஜப்பான் லேசர் மட்டமும் சேர்த்து வாங்கிப் பாருங்கள், தொகை எங்கே நிற்கிறது என்று! பழைய நாள் பிட்டருக்கு ஸ்பானர் போதும். இன்றைய பிட்டரிடம் நுணுக்கமான அளவுக் கருவி இல்லாவிட்டால் சைட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

டூ-இன்-ஒன் காலத்து சட்டை

கருவிக்கு இந்தக் கதி எப்படி வந்தது? நம் சுங்க விதிகளைத் தைத்தது டூ-இன்-ஒன் காலத்தில். அதுதான் அடிப்படைக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

எழுபது, எண்பதுகளில் துபாயிலிருந்து ஒருவர் வந்தால் தெருவே திரளும். கையில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன், பெட்டியில் நைலக்ஸ் புடவை, கூலிங் கிளாஸ். மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்து கிளறிவிட்டு, சரி என்றால் மூடிமேல் சாக்பீசில் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோடு விழுந்த பிறகுதான் மூச்சு வரும். வெளிநாட்டுச் சாமான் இங்கே கிடைக்காத காலம் அது. கொண்டுவந்தால் பயணிக்கு லாபம், அதனால் வரி என்பது அரசின் தர்க்கம். பர்மாவிலிருந்து கையோடு கொண்டுவந்ததைத் தவிர வேறு கதி இல்லாமல் திரும்பிய நம்மவர்களுக்காக 1969-ல் பீச் ஸ்டேஷன் பக்கம் உருவான பர்மா பஜார், 'பாரின் சாமான்' என்ற சொல்லாலேயே பிழைத்தது. கூப்பிடு தூரத்தில்தான் கஸ்டம்ஸ் ஹவுஸ். ராஜாஜி சாலையின் வேடிக்கைகளில் அதுவும் ஒன்று.

இன்று அந்தக் காலம் இல்லை. எல்லா நாட்டுச் சாமானும் அண்ணா சாலையிலேயே கிடைக்கிறது. ஆனாலும் பயம் அவ்வப்போது எட்டிப்பார்க்கும். 2013 ஆகஸ்டில் ரூபாய் மதிப்பு சரிந்தபோது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் தட்டை டி.வி.க்கு 26-ந்தேதி முதல் சலுகையே இல்லை என்று ஆக்கினார்கள். டி.வி. ஆடம்பரம், போகட்டும். ரம்பமும் ரெஞ்சும் எந்த ஆடம்பரத்தில் சேர்த்தி?

வெளிநாட்டில் கற்ற வேலையோடும், வாங்கிய கருவியோடும் ஒருவர் திரும்பி வருவது நாட்டுக்கு லாபம். அங்கே பெரிய ஆலையில் பழகிய வெல்டர், அந்த மிஷினோடு வந்து அம்பத்தூரில் ஒரு சின்ன ஷெட் போட்டால் நாலு பையன்களுக்கு வேலை. சுயதொழிலுக்குக் கடன் கொடுக்கிறோம் என்று ஒரு பக்கம் விளம்பரம் செய்துகொண்டு, சுயமாகவே கருவி கொண்டுவருகிறவரிடம் மறுபக்கம் ரசீது கேட்பது என்ன கணக்கோ!

டெல்லி செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. 1998-ல் எழுதிய அந்த நாலு பெயரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூடவே பிட்டர், எலெக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், தையல்காரர் இவர்களையும் சேர்க்க வேண்டும். எத்தனை மாதம் இருந்தார் என்ற கேள்வி இதற்கு வேண்டாம். 45 நாள் வேலைக்குப் போனாலும் ரெஞ்சு ரெஞ்சுதான். புறப்படும் இடத்தில் காகிதம் கொடுக்கிற வழியையும் சுலபமாக்க வேண்டும். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் எப்படியும் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்குகிறார்கள். அதோடு சேர்த்து ஒரே ஒரு பக்கம் கருவிப் பட்டியல் கொடுத்து, விமான நிலையத்தில் அதில் ஒரு முத்திரை குத்தினால் முடிந்தது வேலை. லேப்டாப்புக்குப் பரிந்துபேச கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருந்தன. இதற்குப் பரிந்துபேச நம் எம்.பி.க்கள் இருக்கிறார்கள். கூட்டத்தொடரில் ஒரு கேள்வி போட்டால் என்ன குறைந்துவிடும்?

டெல்லி அசையும் வரை காத்திருக்க முடியாதே. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அடுத்த மாதம் ஷட்டவுனுக்குப் புறப்படுகிறவர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். கருவிகளை வரிசையாகத் தரையில் பரப்பி, செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மிஷின்களில் உள்ள நம்பர் தெரியும்படி தனித்தனியாகவும் எடுக்கட்டும். இரண்டு பிரதிப் பட்டியல் எழுதிக்கொள்ளட்டும். பில் இருந்தால் நகல். விமான நிலையத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகப் போய், லக்கேஜைக் கம்பெனிக் கவுண்டரில் போடுவதற்கு முன்பே சுங்க அதிகாரியைத் தேடிப் பிடித்து, ஏற்றுமதிச் சான்று கேட்கட்டும். தயங்க வேண்டாம்; கேட்பது உரிமை.

திரும்பி வரும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லிவிட்டவருக்கு 1962-ம் வருடத்துச் சுங்கச் சட்டத்தின் 80-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. வரி கட்டக் கையில் பணம் இல்லாவிட்டால், சாமானை இலாகாவிடமே விட்டுவைக்கக் கேட்கலாம். அனுமதித்தால், அடுத்த தடவை வெளிநாடு புறப்படும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஷட்டவுன்காரர் எப்படியும் ஆறு மாதத்தில் மறுபடி போகப்போகிறவர்தானே. அப்படி விட்டுவைத்தால் ரசீது வாங்காமல் நகரக்கூடாது. அந்த ரசீதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்கவேண்டும். சட்டைப் பையில் வைத்தால் வீட்டில் துவைத்துவிடுவார்கள்.